மூன்று புள்ளிகள் காணோம்

எமெலின் வீட்டுப் படிக்கட்டில் டெல்ஃபின் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்ததையும், சோறு ஆறிப்போய்க் கடைசியில் கோழிகளுக்குப் போனதையும் போன வாரம் பார்த்தோம். என்ன ஆச்சு என்று ஜோவிட்டா கேட்டதற்கு, "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு அவன் படுக்கப் போய்விட்டான். கோளாறு வயிற்றில் இல்லை என்பது மறுநாள் காலையில்தான் எமெலினுக்குத் தெரிந்தது.

புயல் வந்து ஜோவிட்டா வீட்டுக் கூரைத் தகடுகளைப் பிடுங்கி வயலில் எறிந்ததிலிருந்து, தங்கையும் அவள் புருஷன் டெல்ஃபினும் அக்கா எமெலின் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் இறால் ஆய்வு நிலையத்தில் வேலை. எமெலினின் கணவன் ரொடெல் எண்ணெய்க் கப்பலில் இருக்கிறான். எந்தக் கடலில் என்று கேட்டால் அவளே தேதியைப் பார்த்துத்தான் சொல்வாள். வீட்டில் இரண்டே அறைகள். ஒருவர் இருமினால் மற்ற இருவரும் புரண்டு படுக்கிற நெருக்கம்.

அன்று காலை இலோய்லோ பல்கலைக்கழகத்தில், ஏ.சி. ஒழுகும் தன் சின்ன அறையில் உட்கார்ந்து எமெலின் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். நேற்றே பதில் எழுதியிருக்க வேண்டிய கடிதங்கள்.

'பாலோட்' என்பது அவள் கட்டிய வலைத்தளம். அவர்கள் பேச்சில் அலை என்று அர்த்தம். உலகத்தில் எங்கேயோ ஒரு ஆய்வுக்கூடத்தில் ஓர் இயந்திரம் ஆயிரக்கணக்கான மரபணுக்களையோ கிருமிகளையோ ஒரே மூச்சில் எண்ணித் தள்ளும். அந்த எண்களைக் கண்ணால் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. அட்டவணையைப் பாலோட்டில் ஏற்றினால் அது படம் போட்டுக் காட்டும். எது எதோடு ஒத்துப்போகிறதோ அது அதன் பக்கத்தில் புள்ளியாகப் போய் உட்காரும். காசு வேண்டாம், பதிவு வேண்டாம். ஹனோயிலிருந்தும் லிமாவிலிருந்தும் நைரோபியிலிருந்தும் பிள்ளைகள் வந்து ஏற்றுகிறார்கள். படம் வந்தால் ஒரு சத்தமும் இருக்காது. வராவிட்டால் எமெலினுக்குக் கடிதம் வரும்.

பெரும்பாலும் கோளாறு அவர்கள் பக்கம்தான் இருக்கும். ஒருவன் காற்புள்ளி போட வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி போட்டிருப்பான். இன்னொருத்தியின் எக்செல், மார்ச் என்று தொடங்குகிற மரபணுவின் பெயரைத் தேதியாக மாற்றி வைத்திருக்கும். இதையெல்லாம் திட்டாமல் எழுதிச் சொல்வதற்கே அவளுக்குப் பாதி நாள் போய்விடும். கூட வேலை பார்த்த இரண்டு பேரும் மணிலாவுக்குப் போய்ப் பல மாதமாகிறது. இப்போது பாலோட் என்றால் எமெலின்தான்.

கைபேசி அடித்தது. ஜோவிட்டா.

"மனாங், உன் பாலோட் புள்ளியை முழுங்குது."

அந்த ஊரில் அக்காவை மனாங் என்பார்கள். ஜோவிட்டா அதைக் கொஞ்சலாகவும் சொல்வாள், குற்றமாகவும் சொல்வாள். இன்று இரண்டும் கலந்திருந்தது.

"என்ன புள்ளி?"

"டெல்ஃபினோட இறால் படம். இன்னைக்கு மத்தியானம் கூட்டம் இருக்கில்ல. அவன் குடுத்தது வெறும் பட்டைப் படம், பார்த்தா மருந்துக் கடை விளம்பரம் மாதிரி இருக்கு. பண்ணைக்காரங்களுக்கு என்ன புரியும்? அதான் அவனோட அட்டவணையை எடுத்து நானே உன்னோடதுல போட்டேன். அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு தொட்டி, பன்னிரண்டு புள்ளி வரணும். ஒன்பதுதான் வருது."

"எந்த நிறத்துல குறையுது?"

"பழைய தீவனம் சிவப்பு, ஆறும் இருக்கு. புதுத் தீவனம் பச்சை, மூணுதான் இருக்கு. சீக்கிரம் பாரு மனாங். சாப்பாட்டுக்கு நூறு பேருக்குப் பான்சித் நூடுல்ஸ் சொல்லியாச்சு. மேஜை விரிப்பு இன்னும் வரல. எனக்குப் பத்துக் கை வேணும்."

"அனுப்பு. பார்க்கறேன்."

டெல்ஃபினின் புதுத் தீவனத்தைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்பாசியைப் புளிக்க வைத்துச் சேர்த்தது. அதைத் தின்ற இறாலின் குடலில் நல்ல கிருமிகள் பெருகி, நோய்க் கிருமியை அண்டவிடாது என்பது அவன் கணிப்பு. ஆறு தொட்டிக்குப் புதுத் தீவனமும் ஆறு தொட்டிக்குப் பழையதும் போட்டு, இறால்களின் குடலை எடுத்து உறைய வைத்து, கிருமிகளை எண்ண அனுப்பினான். அதைத்தான் இன்று லெகானெஸ் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கேட்க வருகிறார்கள். குஞ்சு விடுகிற பருவம் இது. அவன் சரி என்றால் அத்தனை குளத்திலும் அந்தத் தீவனம்தான் விழும்.

எமெலின் படத்தைத் திறந்தாள். தங்கை சொன்னது சரி. ஒன்பது புள்ளிகள்.

தன் கருவியின் மேல்தான் அவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது. இத்தனை வருஷப் பழக்கம் அப்படி. உலாவியை மாற்றிப் பார்த்தாள். புள்ளிகளின் அளவைக் குறைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பச்சைப் புள்ளியின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பக்கத்தில் பெயர் வந்தது. ஒரு பெயர் இல்லை, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு. ஏழாம் தொட்டி, பத்தாம் தொட்டி.

அடுத்த புள்ளியிலும் இரண்டு பெயர். மூன்றாவதிலும் அப்படித்தான்.

பாலோட் எதையும் விழுங்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று துல்லியமாக உட்கார்ந்திருந்தது.

எமெலின் இறால் படித்தவள் இல்லை. கணினி படித்தவள். ஆனாலும் ஒரே தாய் வயிற்று இரட்டையரை எண்ணினால்கூட இரண்டு புள்ளி இப்படி ஒட்டிக்கொள்ளாது என்று அவளுக்குத் தெரியும். ஒரே நீரை இரண்டு தரம் எண்ணினாலே கொஞ்சம் விலகும். அட்டவணையைத் திறந்து ஏழாம் பத்தியையும் பத்தாம் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வரிசை வரிசையாகக் கீழே இறங்கினாள். ஆயிரம் வரிக்கு மேல். ஒரு வரிகூட மாறவில்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். தன் கருவியில் பிழை இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். பிழை என்றால் திருத்திவிடலாம்.

*

ஆய்வு நிலையத்துக்குப் போகும் ஜீப்னியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஜோவிட்டாவைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். நூறு பேருக்குச் சாப்பாடு, மேஜை விரிப்பு, புருஷனுக்கு இன்ப அதிர்ச்சியாக ஒரு படம். அவளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? முதலில் அவனைக் கேட்டுவிடலாம், ஒருவேளை ஏதாவது காரணம் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அது தப்பான முடிவு என்று அப்போது தோன்றவில்லை.

தொட்டிக் கொட்டகையில் காற்று மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. டெல்ஃபின் ரப்பர் பூட்ஸோடு நின்று குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மத்தியானக் கூட்டத்துக்கான வெள்ளை பாரோங் சட்டை பிளாஸ்டிக் உறையோடு ஆணியில் தொங்கியது.

"மனாங்? நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

அவன் மறுபடி குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான். எமெலின் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தாள். கால் வலித்தது.

"ஜோவி உன் அட்டவணையைப் பாலோட்ல போட்டுப் படம் எடுத்திருக்கா."

குழாய் சுருட்டுகிற கை நின்றது. "நான் பட்டைப் படம் குடுத்தேனே."

"அது நல்லா இல்லையாம். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு அவளே செஞ்சிருக்கா."

"என்ன சொன்னா?"

"என் கருவி புள்ளியை முழுங்குதாம். மூணு காணோமாம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. குழாயைக் கீழே போட்டுவிட்டு, தொட்டி விளிம்பில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான்.

"நீங்க பார்த்துட்டீங்க."

"பார்த்தேன், தோத்தோ." தம்பி முறைக்காரனை அப்படித்தான் கூப்பிடுவது. கோபமாகக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தாள். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

"புயலுக்கு அடுத்த நாள் ஜெனரேட்டர்ல டீசல் தீர்ந்துபோச்சு. ரோடெல்லாம் மரம். நடந்தே வந்தேன். ஃப்ரீசரைத் திறந்தா நாத்தம். கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணி. மூணு தொட்டியோட மாதிரி அங்கதான் இருந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இருந்தேன், மனாங். நம்புங்க. மிச்சத்தோட கணக்கு வந்ததும், அட்டவணை ஓடுதான்னு பார்க்க, காலியா இருந்த இடத்துல பக்கத்துத் தொட்டி எண்ணை எடுத்து வச்சேன். சும்மா இடத்தை நிரப்பறதுக்கு. மறுநாள் எடுத்துடலாம்னு. மறுநாள் பழைய வீட்டுல கிடந்த மிச்சச் சாமானை உங்க வீட்டுக்கு ஏத்தினோம். அதுக்குள்ள இயக்குநர் அதைப் பார்த்துட்டு, நல்லா வந்திருக்கேய்யான்னு முதுகைத் தட்டினாரு. பிரிவுத் தலைவர் வேலைக்கு என் பேரை அனுப்பறேன்னாரு. அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லிடணும்னு எந்திரிப்பேன்."

மோட்டார் ஒரு தரம் விக்கித் திரும்ப இரைந்தது. எமெலின் தொட்டிகளைப் பார்த்தாள். கடைசி மூன்றும் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"அந்த மூணு தொட்டி இறால் எப்படி இருந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"தோத்தோ, கேட்கறேன்."

"ரெண்டுல வெளுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. தீனி எடுக்கல. குடல் காலியா இருந்துச்சு."

"புதுத் தீவனம் தின்னதா?"

"ஆமா. நோயா, இல்ல புயல்ல காத்து மோட்டார் நின்னதாலயான்னு தெரியல. அதைப் பார்க்கத்தான் அந்த மாதிரியே வேணும். இருக்கறதுல முக்கியமானது அதுதான். அதுதான் அழுகிப்போச்சு."

எமெலினுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிக்கட்டில் சோறு ஆறவிட்டவன் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தான் என்று புரிந்தபோது, அவளுக்கே எங்காவது படுத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"உங்க பாலோட்ல ஒரு வசதி இருக்கில்ல," என்றான் டெல்ஃபின் மெதுவாக. "ஒண்ணு மேல ஒண்ணு விழற புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்தித் தனித்தனியா காட்டறது. அதைப் போட்டுட்டா பன்னிரண்டும் தெரியும். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். அடுத்த பருவத்துல திரும்ப முழுசா செஞ்சிடறேன். தீவனம் நல்ல தீவனம், மனாங். நான் நம்பறேன்."

"கூட்டம் அதிகமா இருக்கற படத்துல ஒண்ணும் மறைஞ்சுடக் கூடாதுன்னு அதை வச்சேன். இல்லாததை இருக்கற மாதிரி காட்டறதுக்கு இல்ல."

"தளம் இன்னைக்கு வேலை செய்யலன்னு சொல்லிடலாமே. அடிக்கடி நிக்கறதுதானே."

அது சுருக்கென்று தைத்தது. அடிக்கடி நிற்பது உண்மைதான். நின்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கைபேசி அடித்தது. திரையில் தங்கை பெயர். டெல்ஃபின் அதைப் பார்த்தான், பிறகு எமெலினைப் பார்த்தான்.

"என்ன மனாங், சரி பண்ணிட்டியா?"

ஆச்சு என்று ஒரு வார்த்தை போதும். வீடு அப்படியே இருக்கும். பதவி வரும். கூரை போட்டுக்கொண்டு அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். அவளும் ஒரு நாள் முழுக்கத் தூங்கலாம்.

"பாலோட் சரியாத்தான் இருக்கு, இந்தாய்," என்றாள் எமெலின், தங்கையைக் கூப்பிடுகிற சொல்லில். "படத்தை மாத்தாத. அப்படியே காட்டு."

"மூணு காணோமே. யாராவது கேட்டா?"

"டெல்ஃபின் பதில் சொல்வான்."

எதிர்முனையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு, "சரி. விரிப்பு வந்துடுச்சு," என்று ஜோவிட்டா வைத்துவிட்டாள்.

எமெலின் எழுந்தாள். "நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். பண்ணைக்காரர் நெமேசியோ மாதிரி ஆளுங்க உன் வாயைப் பார்த்துக் குளத்துல குஞ்சு விடறாங்க."

"வேலை போயிடும்."

"போகலாம்."

"ஜோவி…"

எமெலின் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

*

மண்டபம் நிறைந்திருந்தது. கடலோரப் பண்ணைக்காரர்கள், அவர்கள் மனைவிமார்கள், நகரத்திலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள், முன் வரிசையில் இயக்குநர். பின்னால் பான்சித் தட்டுகள் மூடி வைத்திருந்தன. மேடைக்குப் பக்கத்தில், கணினியோடு ஜோவிட்டா. நல்ல நீல உடுப்பு உடுத்தியிருந்தாள். புருஷன் மேடை ஏறும்போது அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

எமெலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவன் சொல்வானா மாட்டானா என்று அவளுக்கும் தெரியாது.

டெல்ஃபின் வணக்கம் சொன்னான். தீவனம் செய்கிற விதத்தைச் சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு மனைவி பக்கம் திரும்பி, "அந்தப் புதுப் படத்தைப் போடு, பங்கா," என்றான், அவளைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல்லில். தான் ரகசியமாகச் செய்த படம் அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று ஜோவிட்டாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சிரிப்பு அப்படியே நின்றது. படத்தைப் போட்டாள்.

"எண்ணிப் பாருங்க," என்றான் டெல்ஃபின். "பன்னிரண்டு தொட்டின்னு உங்ககிட்ட போன மாசம் சொன்னேன். ஒன்பது புள்ளிதான் இருக்கு. படத்துல தப்பு இல்ல. மூணு தொட்டியோட மாதிரி புயல்ல கெட்டுப்போச்சு. அந்த இடத்துல வேற தொட்டி எண்ணை நான் வச்சேன். நான்தான் வச்சேன், வேற யாருக்கும் தெரியாது. அந்த மூணுல ரெண்டு தொட்டியில இறால் நல்லா இல்ல. ஏன்னு எனக்குத் தெரியாது. தெரியாம உங்களைக் குளத்துல இந்தத் தீவனம் போடச் சொல்ல முடியாது."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு முன் வரிசையிலிருந்து ஆரம்பித்து முணுமுணுப்பு பின்னால் வந்தது. இயக்குநர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, பக்கத்து அதிகாரியிடம் எதையோ சொன்னார். இரண்டு பேரும் எழுந்து வெளியே போனார்கள்.

பண்ணைக்காரர் சங்கத் தலைவர் நெமேசியோ எழுந்து நின்றார். வெயிலில் காய்ந்த பெரிய உடம்பு. "டாக்டர், எனக்குச் சுருக்கமா சொல்லுங்க. போடலாமா, கூடாதா?"

"இப்பப் போடாதீங்க, மனோங்," என்றான் டெல்ஃபின். அக்காவுக்கு மனாங் போல அண்ணனுக்கு மனோங்.

"ரெண்டு குளத்துல போன வாரமே ஆரம்பிச்சிட்டேனே. நீங்கதானே சொன்னீங்க."

டெல்ஃபின் திரும்பி ஒன்பது புள்ளிகளைப் பார்த்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"வெள்ளைச் சட்டை போட்டு வந்து இதைச் சொல்றான் பாரு," என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

*

கூட்டம் சாப்பிடாமல் கலைந்தது. சில பெண்கள் மட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று பான்சித்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள்.

எமெலின் வெளியே வந்தபோது ஜோவிட்டா நெமேசியோவின் லாரிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். நீல உடுப்புக்கு மேல் ஆய்வுக்கூடக் கோட்டு. காலில் டெல்ஃபினின் ரப்பர் பூட்ஸ்.

"எங்க போற?"

"குளத்துக்கு. அந்த ரெண்டு குளத்து இறால்லயும் இன்னைக்கே மாதிரி எடுத்து உறைய வைக்கணும். யாராவது செய்யணும்ல."

"ஜோவி, நான்—"

"காலையில நான் ரெண்டாவது தடவை போன் பண்ணப்ப மோட்டார் சத்தம் கேட்டுச்சு," என்றாள் ஜோவிட்டா. குரலை உயர்த்தவில்லை. "உன் ஆபீஸ்ல ஏது காத்து மோட்டார்னு நெனச்சேன். அப்புறம் விரிப்பு வந்துடுச்சு, மறந்துட்டேன். நீ அப்ப அவன் பக்கத்துலதான் இருந்திருக்க."

"ஆமா."

"தெரிஞ்சுதான் படத்தை அப்படியே காட்டுன்னு சொன்ன."

"அவன் வாயால வரணும்னு நெனச்சேன், இந்தாய். உன்னை நோகடிக்க வேண்டாம்னு—"

"நூறு பேர் முன்னாடி நான் அந்தப் பொத்தானை அமுக்கினேன், மனாங். நம்ம மூணு பேர்ல அது என்னன்னு தெரியாத ஒரே ஆள் நான்தான்னு அங்க உட்கார்ந்துதான் எனக்குத் தெரிஞ்சுது. அவன் என்கிட்ட சொல்லல. சரி, அவன் பயந்துட்டான். நீ ஏன் சொல்லல?"

எமெலினிடம் பதில் இருந்தது. ஜீப்னியில் யோசித்ததெல்லாம் இருந்தது. இப்போது சொன்னால் அது எதுவும் நிற்காது என்று தெரிந்தது.

ஜோவிட்டா லாரியில் ஏறினாள். "ராத்திரிக்கு எனக்காகச் சோறு வைக்க வேண்டாம்," என்றாள். நெமேசியோ இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

தூசி அடங்கியபின் எமெலின் திரும்பினாள். டெல்ஃபின் மண்டப வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. பாரோங்கின் கழுத்துப் பொத்தானைக்கூட அவன் இன்னும் அவிழ்க்கவில்லை.

"அவ வீடுதானே அது, மனாங்," என்றான். "அக்கா வீடுன்னா தங்கச்சி வீடு. நான் அவ புருஷன்னுதான் அங்க இருந்தேன். இப்ப நான் எங்க போறது?"

சாதாரணமாக, வழி கேட்பது போலத்தான் கேட்டான். எமெலினின் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ஜோவிட்டா இல்லை, டெல்ஃபினின் இயக்குநர். அவர் இதுவரை அவளைக் கூப்பிட்டதே இல்லை.